மூன்றாவது அலசு

தம்பி,

நீ கேட்ட நத்தை வரவில்லை. அடுத்த வாரம் நானும் உன் அம்மாவும் பெங்களூருக்கு வரும்போது கையில் ஐஸ் பெட்டி இருக்காது. இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். முயன்று பார்த்தேன். செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டு, "என்னப்பா, நத்தை சொல்லி வச்சுட்டீங்களா?" என்று கேட்டபோது, ரயிலில் கூட்டம் அதிகமாமே என்று சம்பந்தமில்லாமல் ஏதோ உளறிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ சிரித்தது எனக்குக் கேட்டது. கிழவனுக்குக் காது போய்விட்டது என்று நினைத்திருப்பாய். காது நன்றாகத்தான் இருக்கிறது. வாய்தான் வரவில்லை. அதனால்தான் பட்டாபிராம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, நாலு தாள் கிழித்துப் போட்டு, ஐந்தாவதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசி வரைக்கும் படி. பாதியில் போனை எடுக்காதே.

பாப்பாவுக்கு இழுப்பு என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. டாக்டர் உறிஞ்சுகிற பம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார், உன் மனைவி பயப்படுகிறாள், இரண்டு வயதுக் குழந்தைக்கு அது எதற்கு என்று அழுகிறாள் என்றெல்லாம் சொன்னாய். அவளைத் தேற்றுவதற்காக உன் கதையை எடுத்து விட்டாய். எனக்கும் சின்ன வயதில் இழுப்பு இருந்தது, அம்மா நத்தை சூப் வைத்துக் கொடுத்தே விரட்டிவிட்டாள், என்னைப் பார், எப்படி இருக்கிறேன் என்றாயாம். இதைக் கேட்டதும் உன் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. எதிர் வீடு, கீழ் வீடு, காய்கறி வண்டிக்காரர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. "எம் புள்ளையோட இழுப்ப நிறுத்துனவ நானு. இப்ப பேத்திக்கும் நான்தான் வரணும்" என்று மொட்டை மாடியில் மிளகைக் காய வைத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளை நம்மிடம் ஒன்று கேட்கிறானே என்று.

நீ அந்த நாட்களை எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று தெரியவில்லை. அப்போது நாம் அம்பத்தூர் பக்கம் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். உனக்கு ஐந்து வயதில் ஆரம்பித்தது. மார்கழி வந்தால் போதும், உன் நெஞ்சு விசில் அடிக்கும். உன்னை உட்கார்ந்தபடியே தூங்க வைப்போம். ஒரு டாக்டர் பம்பு எழுதிக் கொடுத்தார். நான் அதை வாங்கவே இல்லை. பழகிவிடும், பிறகு ஆயுசுக்கும் அதோடுதான் அலைய வேண்டும் என்று நான் வேலை செய்த பட்டறையில் யாரோ சொன்னார்கள்; டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். இது நான் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் தப்பு. இதைவிடப் பெரியது பின்னால் வருகிறது.

பம்புக்குப் பதில் நத்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் பொறுக்கிக்கொண்டு வருவேன். பட்டறைக்குப் பின்னால் இருந்த ஏரி. பெயர் எதற்கு, உனக்குத் தெரியும். முட்டியளவுத் தண்ணீரில் இறங்கிக் கையை விட்டுத் துழாவினால் போதும், அரை மணியில் பாதி வாளி நிறைந்துவிடும். அம்மா அதை ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீரில் ஊற வைத்து, வேக வைத்து, ஊக்கால் சதையை இழுத்து, கறுப்பு வால் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்து கழுவுவாள். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் தெருவே மணக்கும். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாய். பிறகு சதையை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாய். ரப்பர் மாதிரி இருக்குதுப்பா என்று மென்றுகொண்டே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாய். மூன்று வருடம் இப்படி. எட்டு வயதில் இழுப்பு நின்றது.

கழுவுகிற விஷயத்தில் உன் அம்மாவுக்கு நான்தான் வாத்தியார். ஒரு முறை கழுவினால் போதாது, மூன்று அலசு போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் அலசில் சேறு போகும், இரண்டாவதில் வழுவழுப்பு போகும், மூன்றாவது அலசில் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், அப்போதுதான் சட்டியில் போட வேண்டும் என்பேன். "மூணாவது அலசு பாத்தியா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். அவள் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டுவாள். அடியில் இருக்கிற கோலிக்குண்டுகூடத் தெரியும். எங்களுக்கு அவ்வளவு திருப்தி.

அந்த மூன்று அலசு எங்கிருந்து வந்தது தெரியுமா? என் பட்டறையிலிருந்து. அப்பா கம்பெனியில் வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுப்பாயே, அந்தக் கம்பெனி ஒரு தகரக் கொட்டகை. பிளேட்டிங் பட்டறை. நட்டு, போல்ட்டு, கொக்கி, கீல் எல்லாம் கறுப்பாக வரும்; துரு பிடிக்காமல் இருக்க முலாம் பூசி அனுப்புவோம். வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். நிக்கல் தொட்டி பச்சை, குரோம் தொட்டி கருஞ்சிவப்பு. துத்தநாகம் ஒன்று, கேட்மியம் ஒன்று. இந்த இரண்டையும் பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர் என்று நினைப்பாய். பூசி எடுத்த சாமானை அடுத்தடுத்து மூன்று தண்ணீர்த் தொட்டிகளில் முக்கி எடுக்க வேண்டும். இதற்குத்தான் முதல் அலசு, இரண்டாவது அலசு, மூன்றாவது அலசு என்று பெயர். மூன்றாவது அலசுத் தொட்டி அவ்வளவு தெளிவாக இருக்கும். சாப்பாட்டு மணி அடித்தால் அதில்தான் கை கழுவுவோம். சிலர் டிபன் டப்பாவைக்கூட அதில் கழுவியிருக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று தொட்டியையும் கவிழ்ப்போம். தண்ணீர் பின்பக்கக் கால்வாயில் போகும். கால்வாய் ஏரிக்குப் போகும். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை செய்தேன். அதில் பதினாலு வருடம் தொட்டி கவிழ்க்கச் சொல்லும் மேஸ்திரியே நான்தான்.

யாராவது கேட்டால், அலசுன தண்ணிதானே, துணி அலசுகிற தண்ணி மாதிரி என்போம். அந்தச் சொல் எங்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. கழிவு என்று ஒருவரும் சொன்னதில்லை. விஷம் என்று சொன்னால் எவனாவது அதில் கை கழுவுவானா? பெயரை நல்லதாக வைத்துவிட்டு அதை நம்பியும் விட்டோம். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இந்தக் கடிதத்தில் அதிகம் இல்லை. இருப்பதில் இது ஒன்று. உன் ஆபீசிலும் இப்படிச் சில சொற்கள் இருக்கும். நாள் முழுக்க வாயில் புரள்கிற சொல்லை எப்போதாவது எடுத்து, இதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் ஆவடி மார்க்கெட்டுக்குப் போனேன். நடைபாதையில் அலுமினியத் தவலையில் நத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊருக்குப் போகிற அன்று காலையில் புதிதாக வேண்டும், சொல்லி வைக்கலாம் என்று நினைத்தேன். ஏரி நத்தைதானே என்று பெரிய விவரம் தெரிந்தவன் போலக் கேட்டு, நம் பழைய ஏரியின் பெயரையும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ஏரியா? நீ எந்தக் காலத்துல கீற சார்? அதுல நத்த இல்லாமப் போயி எத்தினி வருசம் ஆவுது. இது திருவள்ளூர் தாண்டி வயலாண்ட பொறுக்கியாந்தது."

நான் விடவில்லை. அங்கே வாளி வாளியாக இருந்ததே, நானே பொறுக்கியிருக்கிறேனே என்றேன்.

"இருந்துச்சு. எங்கம்மா அதுல பொறுக்கி வித்துத்தான் எங்கள வளத்துச்சு. மொதல்ல சிப்பிதான் சார் போச்சு. எம் பெரிய பொண்ணு வயித்துல இருக்கசொல்ல, கர பூரா சிப்பி வாயத் தொறந்துகினு கெடந்துச்சு. சின்னது மொதல்ல, அப்பால பெருசு. நத்த மட்டும் கொஞ்ச வருசம் தாக்குப் புடிச்சிகினு இருந்துச்சு. ஆனா எங்கம்மா அன்னிக்கே கூடையக் கவுத்துடுச்சு. சிப்பி செத்த தண்ணில எடுத்தத எவன் ஊட்டுப் புள்ளைக்கும் விக்க மாட்டேன்னு சொல்லிடுச்சு. நாங்கள்லாம் அதுல எறங்கறதயே உட்டுட்டோம்."

பெரிய பெண்ணுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டேன். எதற்கு இந்த ஆள் இதையெல்லாம் கேட்கிறான் என்று நினைத்திருப்பார். முப்பது முடிந்துவிட்டது என்றார். உனக்கு முப்பத்தைந்து. நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். சிப்பி செத்துக் கரையில் ஒதுங்கிய வருடம் உனக்கு ஐந்து வயது. அந்த வருடம்தான் உனக்கு முதல் வாளி நத்தை கொண்டுவந்தேன்.

தம்பி, பக்கத்தில் இருந்த பூக்கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரத்தில் பாதி வாளி நிறைகிறதே, நம் கை ராசி என்று நினைத்திருந்தேனே, அது ராசி இல்லை. பிழைப்புக்கு நத்தை பொறுக்கியவர்கள் அத்தனை பேரும் ஏரியை விட்டு வெளியே போய்விட்டார்கள். போட்டிக்கு ஆள் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கிடைத்தது. பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் தன் சோற்றுக் கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதே தண்ணீரில் நான் இறங்கிப் பொறுக்கி, பெற்ற பிள்ளைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

சொல்லி வைக்காமல் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், நத்தை நல்லதாக இல்லை என்று பொய் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் கீழ் வீட்டு டீச்சரிடம் போனேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறாள், போன பொங்கலுக்கு நீ வந்தபோது பார்த்திருக்கிறாய். சிப்பி என்றதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் கடல் சிப்பியை அவித்து, தேங்காயும் மிளகும் அரைத்துக் கறி வைப்பார்களாம். "அதுல என்ன இல்லை சொல்லுங்க அங்கிள். புரதம் இருக்கு, இரும்புச்சத்து இருக்கு, துத்தநாகம் இருக்கு, ரத்தம் ஊறுறதுக்கு வேண்டிய வைட்டமின் இருக்கு. நத்தையும் லேசுப்பட்டது இல்லை. கறிக்குச் சமம்" என்று அடுக்கினாள். எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. அப்படியானால் நல்லதைத்தானே கொடுத்திருக்கிறேன் என்று.

எங்கள் பிளேட்டிங் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஏரியில் சிப்பி ஏன் முதலில் செத்தது என்று மெதுவாகக் கேட்டேன். "அது நாள் பூரா தண்ணியை உள்ள இழுத்து, வடிகட்டி, வெளிய விட்டுக்கிட்டே இருக்கும் அங்கிள். அதான் அது சாப்பிடற வழி. தண்ணி சரியில்லைன்னா ஓட்டை மூடிக்கும். ஆனா எத்தனை நாள் மூடிக்கிட்டு இருக்க முடியும்? மூச்சு விடணும், பசிக்கும். தொறந்துதான் ஆகணும். குஞ்சுங்க தாங்காது. தண்ணி கெட்டிருக்கான்னு பார்க்கறதுக்கே நாங்க சிப்பியைத்தான் பார்ப்போம். நத்தை கொஞ்சம் முரடு, தாங்கும். தாங்கிக்கிட்டு உள்ள சேர்த்து வச்சுக்கும்."

உள்ளே எதைச் சேர்த்து வைக்கும் என்று கேட்டேன். "தண்ணியிலயும் சேத்துலயும் என்ன இருக்கோ அதை. நல்லதையும் சேர்க்கும், கெட்டதையும் சேர்க்கும். உங்க பட்டறையில என்னென்ன பூசுவீங்க?" என்று கேட்டாள். நிக்கல், குரோம், துத்தநாகம், கேட்மியம் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். கடைசிப் பெயரைச் சொன்னதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அந்தத் தண்ணி எங்கே போச்சு அங்கிள் என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவ்வளவும் கேட்ட பிறகும், "அது சுத்தமான தண்ணிதான்மா, மூணாவது அலசு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு, நத்தையையும் மூன்று அலசு போட்டுத்தான் சமைப்போம் என்று சேர்த்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. பாவப்பட்ட மாதிரிதான் பேசினாள். "சட்டையில பட்ட காபியை அலசலாம் அங்கிள். குடிச்ச காபியை எப்படி அலசுவீங்க? அது சதைக்குள்ள போயிடுச்சு. வேக வச்சாலும் போகாது, மஞ்சள் போட்டாலும் போகாது. துத்தநாகம் நம்ம உடம்புக்கு வேணும். கேட்மியம் அதோட சாயல்ல இருக்கும். உடம்பு ஆள் தெரியாம உள்ள விட்டுடும். விட்டா லேசுல வெளிய போகாது, கிட்னியில போய் உட்கார்ந்துக்கும். வருஷக்கணக்கா." அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், சாப்பிட்ட எல்லாருக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று இல்லை, ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்று சமாதானம் சொன்னாள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஆள் தெரியாமல் உள்ளே விடுகிற உடம்பு உன்னுடையது என்பது மட்டும் ஏறியது. ஐந்து வயது உடம்பு. அந்தப் படியில் ஏறி வீட்டுக்கு வந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. வந்து கால் மணி நேரத்தில்தான் நீ போன் செய்தாய். நான் ரயிலைப் பற்றிப் பேசினேன்.

உன் இழுப்பு எப்படி நின்றது என்றும் பிறகு ஒரு நாள் அவளிடமே கேட்டேன். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளர அதுவாகவே குறைந்துவிடுமாம். ஆக, நாம் மூன்று வருடம் செய்த வைத்தியத்தில் நோய் அதுவாகப் போயிருக்கிறது. மருந்து மட்டும் உள்ளே தங்கியிருக்கிறது. இதைப் படிக்கும்போது உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். எனக்கு வரவில்லை.

நேற்றுக் காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் மிளகு வறுத்துக்கொண்டிருந்தாள். உங்களுக்குக் கொண்டுவருவதற்கான பொடி. நான் சொல்லச் சொல்லக் கரண்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். மிளகு கருகியது. நான்தான் அடுப்பை அணைத்தேன். "அப்ப நான் எம் புள்ளைக்கு குடுத்தது இன்னாங்க?" என்று கேட்டாள். அவள் முத்தாபுதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், வாய்த்துடுக்கு உனக்கே தெரியும், என்னைக் கிழித்து எடுக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புள்ள துன்னான். சட்டில ஒட்டுனத வழிச்சி நான் துன்னேன். நீ ஏன்யா ஒரு நாள்கூட துன்னல?"

முப்பத்தேழு வருடத்தில் என்னை அவள் ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கவிச்சி ஆகாது என்று அந்த நாளில் சொல்லி வைத்திருந்தேன். கருவாட்டுக் குழம்புக்குச் சண்டை போடுகிற ஆளுக்குக் கவிச்சி ஆகாதாம். அதை அவளும் நம்பினாள், நீயும் நம்பினாய். நேற்று அதையே திரும்பச் சொல்ல வாய் திறந்தேன். முடியவில்லை. தம்பி, டீச்சருக்குத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். கால்வாய் அடைத்துக்கொண்டால் குச்சி எடுத்துக்கொண்டு போய்க் குத்திவிடுகிற வேலையும் என்னுடையதுதான். அது ஏரியில் கலக்கிற இடத்தில் கோரைப்புல் ஒரு கோடு கிழித்த மாதிரி மஞ்சளாகச் செத்திருக்கும். அந்தப் பக்கம் தவளைச் சத்தம் கிடையாது. எருமை ஓட்டி வருகிறவர் அங்கே வந்ததும் எருமையைத் திருப்பிவிடுவார். எல்லாம் என் கண்ணில் பட்டது. உனக்கு நத்தை பொறுக்க நான் அந்தப் பக்கம் இறங்கியதே இல்லை. கரையைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய்த்தான் இறங்குவேன். மூன்றாவது அலசு சுத்தம் என்று மனதார நம்புகிறவன் எதற்கு அவ்வளவு தூரம் சுற்றி நடக்க வேண்டும்? ஒரே ஏரிதானே, அந்தப் பக்கத் தண்ணீரும் இந்தப் பக்கத் தண்ணீரும் வேறா?

கேட்மியம் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீர் சரியில்லை என்று என் காலுக்குத் தெரிந்திருக்கிறது, என் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. நான் தின்னாமல் தப்பித்துக்கொள்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. உன் கையிலிருந்து தட்டைப் பிடுங்குகிற அளவுக்குத் தெரியவில்லை. இந்த வரியை எழுதத்தான் நாலு தாள் கிழித்தேன். தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொண்டு முப்பது வருடம் நல்ல அப்பனாக இருந்துவிட்டேன். நேற்று உன் அம்மா கேட்கிறவரை நானே என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை.

உன்னிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பாப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பம்பை இன்றைக்கே ஆரம்பி. பழகிவிடும், அது இது என்று யார் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், டாக்டரிடம் போய்க் கேள். அவள் வளர்ந்து சிப்பியும் இறாலும் நண்டும் சாப்பிட ஆசைப்பட்டால் தடுக்காதே. டீச்சர் சொன்னதுபோல அவ்வளவு நல்ல சாப்பாடு அது. எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று மட்டும் கேட்டு வாங்கு. விற்கிறவருக்குக் கோபம் வந்தாலும் கேள். அடுத்து, நீ ஒரு நல்ல டாக்டரைப் பார்த்து ரத்தம், சிறுநீர் இரண்டும் சோதித்துக்கொள். எதற்கு என்று அவர் கேட்டால் மழுப்பாதே. அப்பா பிளேட்டிங் பட்டறை மேஸ்திரி, கேட்மியம் தண்ணீர் ஏரிக்குப் போனது, அந்த ஏரி நத்தையை ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை சாப்பிட்டேன் என்று அப்படியே சொல். என் மானத்தைப் பார்க்காதே. அம்மாவை நாளைக்கு நான் அழைத்துக்கொண்டு போகிறேன். என்ன வந்தாலும் உனக்கு மறைக்க மாட்டேன். நீயும் மறைக்காதே.

இதைப் படித்து முடித்ததும் நீ போன் செய்வாய். அவள்தான் எடுப்பாள். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. போன் அடித்தால் நீதானோ என்று பதறுகிறாள், நீ இல்லை என்றால் மூச்சு விடுகிறாள். "ஏம்மா குடுத்தே?" என்று விளையாட்டுக்குக்கூட அவளிடம் கேட்டுவிடாதே. அவள் தெரியாமல் கொடுத்தாள். திட்ட வேண்டும் என்றால் போனை என்னிடம் கொடுக்கச் சொல். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா